ஒரே அறையில் நான்கு ட்ரெட்மில்: எப்படி வைப்பது, யார் யார் ஏறலாம்?

#1 மூன்றாம்மாடி
வணக்கம். மூடப்பட்ட ஓர் உடற்பயிற்சிக்கூடத்தின் கார்டியோ கருவிகளை எங்கள் குடியிருப்புச் சங்கம் மொத்தமாக வாங்கிவிட்டது. ட்ரெட்மில் நான்கு, எலிப்டிகல் (நின்றபடி இரு மிதிகளையும் நீள்வட்டமாக மிதிக்கும் கருவி) இரண்டு, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் இரண்டு, துடுப்புக் கருவி ஒன்று, படியேறும் கருவி ஒன்று. எல்லாம் வணிகப் பயன்பாட்டுக்கானவை. ஒவ்வொரு ட்ரெட்மில்லையும் ஆறு பேர் சேர்ந்துதான் தூக்கினோம்.

அறை முதல் தளத்தில் இருக்கிறது. நீளம் 9 மீட்டர், அகலம் 5 மீட்டர், கூரை உயரம் 2.6 மீட்டர். நீளவாட்டுச் சுவரில் ஜன்னல்கள் இருப்பதால் நான்கு ட்ரெட்மில்களையும் ஜன்னலைப் பார்த்து வரிசையாக வைத்தோம். அவற்றுக்குப் பின்னால் 70 செ.மீ. விட்டு மற்ற கருவிகள். நால்வரும் ஒரே சமயத்தில் ஓடிப் பார்த்தபோது மின்சாரம் போய்விட்டது. அதைத் தவிர வேறு சிக்கல் எதுவும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு திறப்பு விழா. அதற்குள் கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 ஆலன்கீ
பதினேழு ஆண்டுகளாக இந்தக் கருவிகளைப் பழுதுபார்க்கிறேன். "வேறு சிக்கல் எதுவும் தெரியவில்லை" என்ற வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

திறப்பு விழாவைத் தள்ளிப்போடுங்கள். ட்ரெட்மில்லுக்குப் பின்னால் 70 செ.மீ. போதாது, 2 மீட்டர் வேண்டும். அதுவும் காலி இடமாக இருக்க வேண்டும். சைக்கிளோ, சுவரோ, தண்ணீர்ப் பாட்டில் வைக்கும் மேசையோ அங்கே கூடாது. இருபுறமும் குறைந்தது அரை மீட்டர். இவை நானாகச் சொல்லும் அளவுகள் அல்ல. ட்ரெட்மில்லுக்கான பாதுகாப்புத் தரவிதிகளில் வருபவை. உங்கள் கருவியின் கையேட்டைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும்.

#3 காலைநடை
2 மீட்டரா? என் வீட்டில் ட்ரெட்மில்லின் வால் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எட்டு ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை. தரவிதி எழுதுகிறவர்கள் எப்போதும் நாலு மடங்கு கூட்டித்தான் எழுதுவார்கள்.

#4 ஆலன்கீ
கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 12 கி.மீ. என்றால் நொடிக்கு 3.3 மீட்டர். பெல்ட்டின் மேல்பரப்பு ஏறக்குறைய 1.5 மீட்டர் நீளம். கால் இடறினால் அரை நொடிக்குள் நீங்கள் பின்னால் வந்துவிடுவீர்கள். பின்னால் இடம் இருந்தால் தரையில் உருண்டு, வெட்கத்தோடு எழுந்துவிடலாம். சுவர் இருந்தால் உடல் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். பெல்ட் நிற்காது, தேய்த்துக்கொண்டே இருக்கும். தோல் உரிவது விழுந்த அடியால் அல்ல, இந்தத் தேய்ப்பால்.

எட்டு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை என்றால் எட்டு ஆண்டுகள் நீங்கள் இடறவில்லை, அவ்வளவுதான்.

#5 முழங்கால்தழும்பு
இந்த இழைக்காகவே கணக்குத் தொடங்கினேன். பெயரைப் பார்த்தாலே காரணம் புரியும்.

ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். காதில் இருந்த இயர்போன் நழுவி பெல்ட்டின் மேல் விழுந்தது. அதைப் பிடிக்கக் குனிந்தேன். குனிந்ததுதான் தெரியும். கன்னம் பெல்ட்டில் பட்டது, பின்னால் இருந்த எலிப்டிகலின் கால்பகுதியில் தோள் மோதியது. இரண்டு முழங்காலும் பெல்ட்டின் வாலில் இருந்தன. அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றேன். ஒவ்வொரு முறையும் பெல்ட் காலை வாரிவிட்டது. பக்கத்தில் ஓடியவர் தன் கருவியை நிறுத்திவிட்டு ஓடிவந்துதான் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பத்து நொடிகூட ஆகியிருக்காது. தழும்பு மறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

சட்டையில் மாட்டினால், விழும்போது கயிற்றை இழுத்துக் கருவியை நிறுத்தும் பாதுகாப்புக் கிளிப் அப்போது எங்கே இருந்தது தெரியுமா? திரையின் ஓரத்தில் அழகாகச் சுற்றி வைத்திருந்தது.

#6 காலைநடை
#5க்கு: வருந்துகிறேன். ஆனாலும் அந்தக் கிளிப்பை மாட்டிக்கொண்டு ஓடும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கையை வீசி ஓடும்போது கயிறு தட்டிப் பாதியில் நின்றுபோகும். அப்படி நிற்பதே ஆபத்து இல்லையா?

#7 ஆலன்கீ
கயிறு தட்டுகிறது என்றால் கிளிப்பை மாட்டிய இடம் தவறு. கைவீச்சுக்கு வெளியே, சட்டையின் நடுவில், இடுப்புக்குச் சற்று மேலே மாட்டுங்கள். மாட்டியதும் வேகத்தைக் குறைத்து நடந்தபடி பின்னால் நகர்ந்து பாருங்கள். பெல்ட்டின் விளிம்புக்கு வருவதற்கு முன்பே, கயிற்றின் மறுமுனையில் கருவியில் செருகியிருக்கும் பாதுகாப்புச் சாவி கழன்றுவர வேண்டும். கயிறு நீளமாக இருந்தால் முடிச்சுப் போட்டுச் சுருக்குங்கள். துணி நழுவிக் கிளிப் மட்டும் கழன்றால் பயனில்லை. தளர்ந்த பனியனின் ஓரத்தில் மாட்டுகிறவர்களுக்கு அதுதான் நடக்கிறது.

இன்னொன்று. சாவி கழன்றதும் பெல்ட் கல்லடித்ததுபோல நின்றுவிடாது. பெரும்பாலான வணிகக் கருவிகளில் படிப்படியாக வேகம் இறங்கித்தான் நிற்கும். ஏற்றம் வைத்திருக்கும்போது மின்சாரம் போனால், ஆளின் எடையே பெல்ட்டைச் சற்று தூரம் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கைப்பிடியைப் பிடித்து, இரு காலையும் ஓரப் பலகைகளில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் வர வேண்டும். தொடங்கும்போதும் அதே நிலைதான். ஓரப் பலகைகளில் நின்றுகொண்டுதான் பொத்தானை அழுத்த வேண்டும். முன்பு ஓடியவர் வேகத்தைக் குறைக்காமல் இறங்கிப் போயிருப்பார், ஓடும் பெல்ட்டில் அடுத்தவர் கால் வைப்பார். நான் கேட்ட விபத்துக் கதைகளில் பாதி இதுதான்.

#8 மின்கம்பி
நான்கு பேர் ஓடியபோது மின்சாரம் போனது என்றாரே, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. மூன்றாம்மாடி, நான்கு ட்ரெட்மில்லும் எந்த இணைப்பில் இருக்கின்றன? உண்மையைச் சொல்லுங்கள்.

#9 மூன்றாம்மாடி
சுவரில் இரண்டு சாக்கெட்டுகள் இருந்தன. அவற்றிலிருந்து நீட்டிப்புப் பெட்டி போட்டு...

#10 மின்கம்பி
நினைத்தேன்.

நீட்டிப்புப் பெட்டியை இன்றே கழற்றுங்கள். ட்ரெட்மில் மோட்டார் ஆள் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தைத் திடீரென இழுக்கும். மெல்லிய கம்பி சூடேறும், முனையில் மின்னழுத்தம் குறையும். மின்னழுத்தம் குறைந்தால் அதே திறனுக்காக மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை இன்னும் அதிகமாக இழுக்கும். கடைசியில் பலகை கருகும், இல்லையென்றால் பெட்டி உருகும்.

ஒவ்வொரு ட்ரெட்மில்லுக்கும் மின்பெட்டியிலிருந்து தனிச் சுற்று வேண்டும். தனி எம்சிபி (மின்சுமை மீறினால் தானே விழும் சுவிட்ச்), தனி கட்டக் கம்பி (ஃபேஸ்), தனி நியூட்ரல், முறையான எர்த். நியூட்ரலும் தனியாகவா என்று கேட்பார்கள். ஆம். இந்தக் கருவிகளின் மின்னணுப் பலகைகள் மின்னோட்டத்தைச் சீரான அலையாக இழுப்பதில்லை. மூன்று கட்டங்களில் பிரித்துப் போட்ட கருவிகளுக்கு ஒரே நியூட்ரல் கொடுத்தால், சீரற்ற இழுப்பால் வரும் மூன்று மடங்கு அதிர்வெண் அலைகள் (மூன்றாம் இசையலைகள்) ஒன்றையொன்று அழிக்காமல் அந்த ஒரு கம்பியில் கூடிச் சேரும். எம்சிபி அதைக் கவனிக்காது, கம்பிதான் வேகும். 120 வோல்ட் கருவி என்றால் கையேட்டில் பொதுவாக 20 ஆம்பியர் தனிச் சுற்று கேட்டிருப்பார்கள். உங்களுடையது எந்த மின்னழுத்தத்துக்கானது, எத்தனை ஆம்பியர் என்பதைக் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் பாருங்கள். பழைய கூடத்தில் எப்படிப் போட்டிருந்தார்கள் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

#11 காலைநடை
எங்கள் அலுவலக உடற்பயிற்சி அறையிலும் அடிக்கடி மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. மின்கசிவுத் துண்டிப்பானைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. எளிய வழி.

#12 மின்கம்பி
இந்த இழையில் யாராவது அதைச் செய்தால் நான் பொறுப்பல்ல. செய்யவே செய்யாதீர்கள். வியர்த்த கையோடு உலோகச் சட்டத்தைப் பிடித்தபடி நிற்கும் இடம் அது. ஆளுக்கும் அதிர்ச்சிக்கும் நடுவே நிற்கும் பொருளைக் கழற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்கிறீர்கள்.

அது ஏன் அடிக்கடி விழுகிறது என்று சொல்கிறேன். வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் இரைச்சலை வடிகட்டும் பகுதி ஒன்று உண்டு. அதன் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் எப்போதும் எர்த்துக்குக் கசியும். ஒரு கருவிக்கு அது சிறிய அளவுதான். நான்கையும் ஒரே துண்டிப்பானில் மாட்டினால் நான்கின் கசிவும் கூடும். 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் என்று எழுதியிருந்தாலும் அதன் பாதியைத் தாண்டினாலே விழுவதற்கு அதற்கு உரிமை உண்டு. கழற்றுவது தீர்வல்ல. ஒரு கருவிக்கு ஒரு துண்டிப்பான் என்று பிரிப்பதுதான் தீர்வு. எந்த வகைத் துண்டிப்பான் என்பதும் முக்கியம். இத்தகைய பலகைகளின் கசிவில் நேர்மின்னோட்டமும் கலந்திருக்கலாம், மாறுமின்னோட்டத்தை மட்டும் கவனிக்கும் எளிய ஏசி வகை அதைக் கண்டுகொள்ளாது. கையேட்டை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டி வகையைத் தேர்ந்தெடுங்கள்.

சைக்கிளும் எலிப்டிகலும் பெரும்பாலும் மிதிப்பவரின் உழைப்பிலேயே தங்கள் திரையை எரியவைத்துக்கொள்ளும். அவற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

#13 தூண்கல்
முதல் தளம் என்றாரே. தளம் தாங்குமா என்று யாராவது கேட்டீர்களா?

சும்மா நிற்கும் எடை பயமுறுத்தாது. 200 கிலோ கருவி, 100 கிலோ ஆள். கருவி அடைத்துக்கொள்ளும் இடம் ஏறக்குறைய 1.9 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 160 கிலோ வருகிறது. குடியிருப்பு அறைகளை வழக்கமாக 200 கிலோ அளவுக்குக் கணக்கிடுவார்கள். ஆனால் ஓடுகிறவரின் கால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவர் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தளத்தைத் தாக்கும். நால்வர் ஒரே தாளத்தில் ஓடினால் தளம் அதிரும். உடற்பயிற்சிக்கூடம் என்று முன்கூட்டியே தெரிந்து கட்டும் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ அளவில் கணக்கிடுவது இதனால்தான். கட்டட வரைபடத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். ரப்பர் விரிப்பு சத்தத்தைக் குறைக்கும், தளத்தின் வலிமையைக் கூட்டாது.

கூரை 2.6 மீட்டர் என்றீர்கள். மின்விசிறி இருக்கிறதா?

#14 மூன்றாம்மாடி
இருக்கிறது. படியேறும் கருவிக்கு நேர் மேலே.

#15 தூண்கல்
அதன் படியில் நிற்பவரின் பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

#16 மூன்றாம்மாடி
அளந்தேன். 68 செ.மீ. எங்கள் செயலாளரின் உயரம் 1.8 மீட்டர். கூட்டினால் 2.48. விசிறியின் இறக்கை 2.3 மீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நேற்று அதில் ஏறிப்பார்த்தவர் நல்லவேளையாக எங்கள் பொருளாளர், அவர் குள்ளம்.

படியேறும் கருவியின் மின்கம்பியைப் பிடுங்கிப் பூட்டி வைத்துவிட்டேன்.

#17 இயன்முறைக்காரி
இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். கருவியை எங்கே வைப்பது என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். அதில் யார், எப்படி ஏறுவது என்பதைப் பற்றிச் சொல்கிறேன். குடியிருப்பில் 15 வயதிலிருந்து 75 வரை ஆள் இருப்பார்கள்; கூடத்தில் இருக்கும் பயிற்றுநர் இங்கே இருக்கப்போவதில்லை.

சைக்கிளில் இருக்கை உயரத்தை யாரும் மாற்றுவதில்லை. முன்பு உட்கார்ந்தவர் விட்டுப்போன உயரத்திலேயே மிதித்துவிட்டு முழங்கால் வலியோடு என்னிடம் வருகிறார்கள். மிதி மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது முழங்கால் முழுதாக நீளாமல் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும். பாகையை யார் அளப்பது? குதிகாலை மிதியில் வைத்துக் கீழே தள்ளுங்கள். கால் நேராக நீண்டால், பிறகு முன்பாதத்தை வைக்கும்போது மடிப்பு ஏறக்குறைய சரியாக வரும். இடுப்பு பக்கவாட்டில் ஆடினால் இருக்கை உயரம் அதிகம். இருக்கைத் தண்டில் எல்லைக்கோடு ஒன்று உண்டு. அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது.

உங்கள் சைக்கிள் கனமான சக்கரம் சுழலும் வகையா? அப்படியானால் பல மாதிரிகளில் காலை நிறுத்தினாலும் மிதி நிற்காது. சக்கரத்தின் வேகம் காலைச் சுழற்றிக்கொண்டே போகும். வேகமாக மிதித்துக்கொண்டிருக்கும்போது காலை வெளியே எடுக்க முயன்றால் மிதி கணுக்காலில் அடிக்கும். தடையைக் கூட்டும் குமிழைக் கீழே அழுத்தினால் அவசர பிரேக் பிடிக்கும். முதல் நாளே ஒவ்வொருவரையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

துடுப்புக் கருவியில் எல்லோரும் கையால் இழுத்து முதுகை வளைக்கிறார்கள். முதலில் கால் தள்ள வேண்டும், பிறகு உடல் சாய வேண்டும், கடைசியில்தான் கை. திரும்பும்போது வரிசை தலைகீழாகும்: கை, உடல், கால். பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை 10இல் வைத்தால் வீரம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது காற்று எவ்வளவு உள்ளே போகிறது என்பதைத்தான் மாற்றும். புதியவர்கள் 3 முதல் 5 வரை வைத்தால் முதுகு பிழைக்கும். தொங்கும் துப்பட்டா, நீளமான சட்டை நுனி, அவிழ்ந்த காலணிக் கயிறு எல்லாம் இருக்கையின் சக்கரத்தில் சிக்கும்.

எலிப்டிகலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தாழ்ந்திருக்கும் மிதியில் முதலில் ஏறுங்கள், நின்ற பிறகு இறங்குங்கள்.

#18 மகள்68
அம்மாவுக்கு 68 வயது. இரத்த அழுத்தத்துக்கு பீட்டா தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ட்ரெட்மில் திரையில் வயதைக் கொடுத்தால் இதயத்துடிப்பு இலக்கு ஒன்றைக் காட்டுகிறது. அம்மா எவ்வளவு நடந்தாலும் அந்த எண் வரவில்லை, அதனால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். இது சரியா?

#19 இயன்முறைக்காரி
வேகம் கூட்டுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மாத்திரையின் வேலையே இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்துவதுதான். உங்கள் தாயாரால் அந்த எண்ணை எட்ட முடியாது, எட்டவும் கூடாது.

பல திரைகளில் வரும் இலக்கு, 220இலிருந்து வயதைக் கழித்து வரும் உச்சத் துடிப்பை வைத்துப் போடுவது. 1970களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் ஆகியோர் வழியாகப் பரவிய வாய்ப்பாடு அது. 2001இல் தனாகா குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது பொருத்தம் என்றார்கள். 68 வயதுக்கு முதல் கணக்கில் 152, இரண்டாவதில் ஏறக்குறைய 160. ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள்! இரண்டுமே சராசரிதான், தனி ஒருவரின் உச்சத் துடிப்பு அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலோ கீழோ இருப்பது மிகச் சாதாரணம். கைப்பிடியில் உள்ள உலோகத் தகடுகள் காட்டும் துடிப்பும் ஓடும்போது தடுமாறும்.

உங்கள் அம்மாவுக்கு எண் வேண்டாம். நடந்துகொண்டே உங்களோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். தொடங்குவதற்கு முன் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் எது வந்தாலும் நிறுத்தி, உட்கார்ந்து, உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். "இன்னும் மூன்று நிமிடம்தானே, முடித்துவிடுகிறேன்" என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடிக்கும்போதும் சட்டென்று இறங்கக் கூடாது. ஓடும்போது காலின் தசைகள்தான் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. திடீரென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும். மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்த பிறகு இறங்கட்டும்.

#20 மகள்68
நன்றி அக்கா. இன்று அம்மாவோடு பேசிக்கொண்டே நடந்தேன். பக்கத்து வீட்டுக் கதை முழுவதும் சொல்லி முடித்துவிட்டார். வேகம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் வியாழன் நேரம் வாங்கியிருக்கிறேன்.

#21 தொலைவோட்டம்
ஓட்டக்காரர்களுக்கு ஒன்று: வெளியே ஓடுவதற்குச் சமமாக வேண்டுமென்றால் 1 சதவீத ஏற்றம் வையுங்கள். 1996இல் ஜோன்ஸ், டவுஸ்ட் இருவரும் செய்த ஆய்வு அது. காற்றின் எதிர்ப்பு இல்லாததை ஈடுசெய்யத்தான். மெதுவாக நடப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. செங்குத்தாக ஏற்றம் வைத்துவிட்டுக் கைப்பிடியில் தொங்குகிறவர்கள் திரை காட்டும் கலோரியை நம்ப வேண்டாம். திரைக்கு நீங்கள் தொங்குவது தெரியாது.

இன்னொரு சேதி. 1818இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகளை வேலை வாங்க மிதிசக்கரம் அமைத்தார். 1898இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஒழித்ததை நாம் சந்தா கட்டி மிதிக்கிறோம்.

#22 ஆலன்கீ
நல்ல கதை. ஆனால் பராமரிப்புக்கு இன்னும் வரவில்லையே. மூன்றாம்மாடி, பழைய கூடத்திலிருந்து வந்த கருவிகள், ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள்.

முதலில் ரசமட்டம். கருவியின் நான்கு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். ஒரு மூலையைக் கையால் அழுத்தினால் ஆடக் கூடாது. ஆடினால் பாதத்தைத் திருகிச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்குங்கள். மட்டம் தவறினால் பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கும். பெல்ட்டில் குறை என்று நினைத்துப் போல்ட்டைத் திருகுவீர்கள், வீண்வேலை.

மட்டம் சரியான பிறகும் ஒதுங்கினால்: பெல்ட்டில் ஆள் இல்லாமல் மணிக்கு 5 கி.மீ. அளவில் ஓடவிடுங்கள். எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துப் பின்னுருளைப் போல்ட்டை ஆலன் கீ என்னும் அறுமுகத் திருகுசாவியால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. கால் சுற்றுதான். பிறகு ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து பாருங்கள். பொறுமை இல்லாதவர்கள் மாறி மாறித் திருகி, கடைசியில் இரண்டு பக்கமும் வீணையின் நரம்புபோல இறுகிவிடும். அதனால் உருளையின் பேரிங் போகும், மோட்டார் திணறும். கையும் சட்டைக் கையும் பின்னுருளையின் அருகில் போகவே கூடாது.

எண்ணெய் பற்றிப் பெரிய சண்டையே நடக்கும், நான் முடித்துவைக்கிறேன். சில கருவிகளில் பெல்ட்டுக்கு அடியில் இருக்கும் பலகையில் மெழுகு பூசியே வரும், அவற்றுக்கு எண்ணெய் கூடாது. சிலவற்றுக்குத் தூய சிலிகான் எண்ணெய். உங்களுடையது எது என்பதைக் கையேடு சொல்லும். துரு நீக்கும் தெளிப்பானை மட்டும் அடித்துவிடாதீர்கள். பெல்ட் வழுக்கத் தொடங்கும், அடிப்பகுதியும் கெடும்.

பெல்ட்டும் பலகையும் தேய்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் மட்டும் பார்த்து எப்போதும் சொல்லிவிட முடியாது. மெக்கானிக்கை வரவழைத்து, ஆள் நடக்கும்போது கருவி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கவ்வும் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். உரசல் கூடினால் ஆம்பியர் கூடும். மின்கம்பி சொன்ன கட்டுப்பாட்டுப் பலகை கருகும் கதைக்குப் பெரும்பாலும் தொடக்கம் இங்கேதான்.

மோட்டார் மூடிக்குள் தூசு நிறைந்திருக்கும். திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடங்கள் காத்திருங்கள். மின்தேக்கியில் மின்சாரம் மிச்சம் இருக்கும். துடைக்கும்போது கிருமிநாசினியைத் திரையின் மேல் தெளிக்காதீர்கள். துணியில் தெளித்துத் துடையுங்கள். நான் மாற்றிய திரைகளில் பல ஓடி ஓடிக் கெட்டவை அல்ல, துடைத்துத் துடைத்துக் கெட்டவை.

கடைசியாக, சைக்கிளின் இடது மிதிக்குத் தலைகீழ் மரை. தெரியாமல் இறுக்குகிறேன் என்று கழற்றிவிடுவார்கள்.

#23 முழங்கால்தழும்பு
குழந்தைகள்? குடியிருப்பு என்றால் குழந்தைகள் நுழையாத அறை இருக்காது.

#24 ஆலன்கீ
நல்ல நேரத்தில் நினைவூட்டினீர்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனத்தின் ட்ரெட் பிளஸ் என்ற மாதிரியை, ஏறக்குறைய 1,25,000 கருவிகளை, திரும்பப் பெற்றார்கள். கருவியின் பின்பக்கம் குழந்தைகளை அடியில் இழுத்துக்கொண்டதுதான் காரணம். ஒரு குழந்தை இறந்தும் போனது. அது வீட்டுக் கருவி என்றாலும் பெல்ட் எல்லாக் கருவியிலும் பெல்ட்தான். அறைக்குப் பூட்டு போடுங்கள். இரவில் பாதுகாப்புச் சாவிகளைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். சாவி இல்லாவிட்டால் பெல்ட் ஓடாது.

வீட்டுக் கருவி என்றதும் ஒன்று. உடற்பயிற்சிக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 20957 தரவிதியில் எஸ் என்றால் தொழில்முறைப் பயன்பாடு, எச் என்றால் வீடு. எஸ் வகையைக் கண்காணிப்பு உள்ள, யார் நுழையலாம் என்று கட்டுப்படுத்தப்பட்ட இடத்துக்காகத்தான் வகுத்திருக்கிறார்கள். உங்கள் அறைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

#25 மூன்றாம்மாடி
எல்லோருக்கும் நன்றி. சங்கக் கூட்டத்தில் இந்த இழையை அப்படியே படித்துக் காட்டினேன். செயலாளருக்கு விசிறிக் கணக்கு பிடிக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டார்.

கணக்கு போட்டுப் பார்த்தோம். ஒரு ட்ரெட்மில்லின் அகலம் 90 செ.மீ. நான்கு வைத்தால் இடைவெளியோடு 6.1 மீட்டர் போகிறது, மற்றவற்றுக்கு 2.9தான் மிஞ்சும். மூன்று என்றால் 4.7 போதும். ஜன்னல் பக்கம் 30 செ.மீ., கருவி 2.1 மீட்டர், பின்னால் 2 மீட்டர் விட்ட பிறகும் 60 செ.மீ. நடைபாதை இருக்கிறது. ஆகவே மூன்றுதான். பின்பகுதியைத் தரையில் மஞ்சள் கோடு போட்டு அடைத்துவிட்டோம். மற்ற கருவிகள் எல்லாம் மீதி 4.3 மீட்டரில்.

மின்பணியாளர் மூன்று தனிச் சுற்று இழுக்கிறார், மூன்று துண்டிப்பான். பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, விட்டத்தின் மேல் வரும்படி ட்ரெட்மில்களை 40 செ.மீ. நகர்த்தச் சொன்னார், நகர்த்தினோம், பக்கவாட்டு இடைவெளி குறையவில்லை. மெக்கானிக் ஒன்றின் பெல்ட்டைப் பார்த்ததும் தலையாட்டினார், மாற்றுகிறோம். திறப்பு விழா மூன்று வாரம் தள்ளிப்போயிருக்கிறது.

#26 காலைநடை
நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நேற்று வீட்டு ட்ரெட்மில்லை அறையின் குறுக்கே திருப்பிப் போட்டேன். பின்னால் 2 மீட்டர் 10 செ.மீ. வருகிறது. கட்டில்தான் வேறு அறைக்குப் போனது. மனைவி இன்னும் பேசவில்லை.

#27 மின்கம்பி
அலுவலகத்துத் துண்டிப்பான்?

#28 காலைநடை
எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன் ஐயா. திரும்ப மாட்டும் வரை படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன்.

#29 ஆலன்கீ
மூன்றாம்மாடி, அந்த நான்காவது ட்ரெட்மில்லை என்ன செய்தீர்கள்? உதிரி பாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், விற்றுவிடாதீர்கள்.

#30 மூன்றாம்மாடி
கீழே பொருள்வைப்பு அறையில், சாவியைக் கழற்றிவிட்டு நிறுத்தியிருக்கிறோம். இன்று காலை போய்ப் பார்த்தேன். கைப்பிடியில் யாரோ இரண்டு துண்டுகளைக் காயப் போட்டிருந்தார்கள்.